குறைந்தபட்ச ஊதியம் பற்றிய பொருளியல் ஆய்வுகள்

குறைந்தபட்ச ஊதியம் பற்றிய பொருளியல் ஆய்வுகள் என்பவை, ஓர் அரசு சட்டத்தின் மூலம் மிகக் குறைந்த கூலி அளவை வரையறுக்கும்போது தொழிலாளரின் வருமானம், வேலைவாய்ப்பு, பொருட்களின் விலை, நிறுவனங்களின் இலாபம் ஆகியவற்றில் ஏற்படும் விளைவுகளை ஆராய்வன ஆகும். பொருளியலில் கோட்பாட்டு ஆய்வும் தரவுகளை அடிப்படையாகக் கொண்ட புலனறி ஆய்வும் ஒன்றோடொன்று மோதி, ஒன்றையொன்று திருத்திக்கொண்ட துறைகளுள் இது மிகவும் அறியப்பட்டது.

"கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் ஏழைத் தொழிலாளர் பயன் பெறுவார்களா, அல்லது வேலையை இழப்பார்களா?" என்பதே இவ்வாய்வுகளின் மையக் கேள்வி ஆகும். இதற்கான விடை பல கோடிப் பேரின் வாழ்க்கையைப் பாதிப்பது. விடை "பயன் பெறுவர்" என்றால் சட்டம் இயற்றாமல் இருப்பது ஏழைகளுக்கு இழப்பு. விடை "வேலை இழப்பர்" என்றால் சட்டம் இயற்றுவதே அவர்களுக்கு இழப்பு. இதனாலேயே இத்துறையில் நடந்த விவாதங்கள் பொருளியலாளர்களுக்கு வெளியிலும் கவனத்தைப் பெற்றன.

பின்னணி

குறைந்தபட்ச ஊதியச் சட்டங்கள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. நியூசிலாந்து 1894 ஆம் ஆண்டில் தொழிற்பிணக்குகளைத் தீர்க்கும் நடுவர் மன்றங்களுக்குக் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அளித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1896 இலும், பிரித்தானியா 1909 இலும் சில தொழில்களுக்கு ஊதிய வாரியங்களை அமைத்தன. ஐக்கிய அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1912 இல் முதற் சட்டத்தை இயற்றியது. நாடு தழுவிய சட்டம் 1938 இல் வந்தது. அதன்படி மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்ச ஊதியமாக வரையறுக்கப்பட்டது. இந்தியாவில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948 இல் இயற்றப்பட்டது. பின்னர் 2019 இல் நிறைவேற்றப்பட்ட ஊதியச் சட்டத்தொகுப்பில் அதன் பொருள் உள்ளடக்கப்பட்டது.

கோட்பாட்டு ஆய்வுகள்

பொருளியலில் கோட்பாடு என்பது சில எடுகோள்களிலிருந்து தருக்க முறையில் முடிவுகளைப் பெறுவதாகும். எடுகோள்கள் மாறினால் முடிவும் மாறும். குறைந்தபட்ச ஊதியம் பற்றிய இரண்டு முதன்மையான கோட்பாடுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் ஆகும்.

போட்டிச் சந்தைக் கோட்பாடு

இக்கோட்பாடு உழைப்பை, சந்தையில் வாங்கி விற்கப்படும் ஏனைய பொருட்களைப் போலவே கருதுகிறது. உழைப்பின் விலை கூலி ஆகும். கூலி உயர்ந்தால் வேலைக்கு வர விரும்புவோரின் தொகை கூடும். வேலைக்கு அமர்த்த விரும்பும் முதலாளிகளின் தேவை குறையும். தேவையும் அளிப்பும் (இலங்கைப் பாடநூல்களில் இவை கேள்வி, நிரம்பல் எனப்படும்) சமமாகும் இடத்தில் சந்தைக் கூலி அமையும்.

இச்சந்தையில் எண்ணற்ற முதலாளிகள் இருப்பதாகவும், தொழிலாளர் ஓரிடத்தை விட்டு வேறிடத்துக்கு எளிதில் செல்லக்கூடியவர்கள் என்றும் கொள்ளப்படுகிறது. எனவே எந்த ஒரு முதலாளியாலும் கூலியைத் தாமே நிர்ணயிக்க இயலாது. சந்தைக் கூலியை விடக் குறைவாகக் கொடுத்தால் அனைவரும் விலகிவிடுவர். இத்தகைய சந்தையில் அரசு சமநிலைக்கு மேலான கூலியை விதித்தால், அக்கூலிக்கு ஈடான மதிப்பை உற்பத்தி செய்யாத தொழிலாளர் வேலை இழப்பர் என்பது கோட்பாட்டின் முடிவு. இளைஞர், முன்பயிற்சி இல்லாதோர் போன்றோரே முதலில் பாதிக்கப்படுவர் என்றும் இது கூறுகிறது.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஸ்டிக்லர் 1946 ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளியல் ஆய்விதழில் எழுதிய கட்டுரை இக்கருத்தின் செவ்வியல் வடிவமாகக் கருதப்படுகிறது. வறுமையை ஒழிக்கக் குறைந்தபட்ச ஊதியம் பொருத்தமான கருவி அன்று என்பது அவரது வாதம். ஆயினும் ஒரு முதலாளிக்குக் கூலியை நிர்ணயிக்கும் ஆற்றல் இருக்குமாயின், திறமையாக வரையறுக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் வேலைவாய்ப்பைக் கூட்டவும் கூடும் என்பதை அவரும் அதே கட்டுரையில் ஏற்றுக்கொண்டார். அத்தகைய நிலைமை நடைமுறையில் அரிது என்பதே அவரது நிலைப்பாடாக இருந்தது.

கொள்வோர் முற்றுரிமைக் கோட்பாடு

ஒரு பொருளை விற்பவர் ஒருவரே ஆயின் அது விற்போர் முற்றுரிமை ஆகும். அதைப் போலவே, வாங்குபவர் ஒருவரே ஆயின் அது கொள்வோர் முற்றுரிமை எனப்படும். ஒரே ஒரு ஆலையை நம்பியுள்ள ஊரில் உழைப்பை வாங்குபவர் அந்த ஆலையின் முதலாளி மட்டுமே. இக்கருத்தை ஆங்கிலப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933 இல் வெளியிட்ட நிறைவற்ற போட்டி பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

இக்கோட்பாட்டை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் எளிதில் புரிந்துகொள்ளலாம். ஓர் ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியும் நாளொன்றுக்கு 700 ரூபாய் மதிப்புள்ள பொருளை உற்பத்தி செய்வதாகக் கொள்வோம். 400 ரூபாய் கூலிக்கு 4 பேரும், 450 ரூபாய்க்கு 5 பேரும், 500 ரூபாய்க்கு 6 பேரும், 550 ரூபாய்க்கு 7 பேரும் வேலைக்கு வர முன்வருகின்றனர். அனைவருக்கும் ஒரே கூலியே கொடுக்கப்பட வேண்டும்.

- 4 பேருக்கான மொத்தக் கூலி: 1,600 ரூபாய்
- 5 பேருக்கான மொத்தக் கூலி: 2,250 ரூபாய் (கூடுதல் செலவு 650)
- 6 பேருக்கான மொத்தக் கூலி: 3,000 ரூபாய் (கூடுதல் செலவு 750)
- 7 பேருக்கான மொத்தக் கூலி: 3,850 ரூபாய் (கூடுதல் செலவு 850)

ஐந்தாவது தொழிலாளியைச் சேர்ப்பதால் 650 ரூபாய் செலவும் 700 ரூபாய் வரவும் ஏற்படுகின்றன. எனவே முதலாளி அவரைச் சேர்ப்பார். ஆறாவது தொழிலாளிக்குக் கொடுப்பது 500 ரூபாய் மட்டுமே எனினும், ஏனைய ஐவரின் கூலியையும் 50 ரூபாய் வீதம் உயர்த்த வேண்டியிருப்பதால் உண்மையான கூடுதல் செலவு 750 ரூபாய் ஆகிறது. எனவே முதலாளி ஐவரோடு நிறுத்திக்கொள்வார்.

இப்போது அரசு குறைந்தபட்ச ஊதியத்தை 550 ரூபாய் என வரையறுப்பதாகக் கொள்வோம். இனி ஒரு தொழிலாளி இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் 550 ரூபாய் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு கூடுதல் தொழிலாளிக்கும் ஆகும் செலவு 550 ரூபாய் மட்டுமே. வரவோ 700 ரூபாய். முதலாளி ஏழு பேரையும் வேலைக்கு அமர்த்துவார். கூலியும் உயர்ந்தது, வேலைவாய்ப்பும் கூடியது. ஆனால் குறைந்தபட்ச ஊதியம் 700 ரூபாயைத் தாண்டுமாயின் ஆலைக்கு இழப்பு ஏற்பட்டு அனைவருமே வேலை இழப்பர். எனவே இக்கோட்பாடும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே ஆகும்.

ஊரில் ஒரே முதலாளி இருந்தால்தான் இந்நிலை தோன்றும் என்பதில்லை. வேறு வேலை தேடுவதற்கு ஆகும் காலம், பயணத் தொலைவு, தகவலின்மை ஆகியவையும் முதலாளிகளுக்குக் கூலியை நிர்ணயிக்கும் ஆற்றலை அளிக்கின்றன. இதனை ஆலன் மானிங் 2003 இல் வெளியிட்ட தமது நூலில் விளக்கினார்.

கோட்பாட்டால் மட்டும் தீர்க்க இயலாமை

மேற்கூறிய இரு கோட்பாடுகளும் தருக்கப் பிழை அற்றவை. ஆயினும் அவை நேர் எதிரான முடிவுகளைத் தருகின்றன. எந்தக் கோட்பாட்டின் எடுகோள்கள் நடைமுறைக்கு நெருக்கமானவை என்பதைத் தரவுகளைக் கொண்டே அறிய இயலும். புலனறி ஆய்வின் தேவை இங்கேயே எழுகிறது.

தொடக்ககாலப் புலனறி ஆய்வுகள்

ஐக்கிய அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் ஓரிகன் மாநிலச் சட்டத்தின் விளைவு பற்றி 1915 இல் ஓர் அறிக்கையை வெளியிட்டது. சட்டம் பெண் தொழிலாளருக்கு மட்டுமே பொருந்தியது. எனவே கடைகளில் பணியாற்றிய பெண்களின் நிலை, சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆண்களின் நிலையோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டது. இம்முறை பல பத்தாண்டுகள் கழித்தே மீண்டும் பரவலானது.

1946 இல் ரிச்சர்ட் லெஸ்டர், தெற்கு மாநிலங்களின் ஆலை மேலாளர்களிடம் வினாக்களைக் கேட்டு ஆராய்ந்தார். கூலி உயர்வுக்கு ஆட்குறைப்பே முதல் எதிர்வினை அன்று என்பதும், விற்பனையின் அளவே ஆட்தொகையை முடிவு செய்கிறது என்பதும் அவரது முடிவுகள். மேலாளர்கள் வாயால் சொல்வதும் செயலில் செய்வதும் ஒன்றல்ல எனக் கூறி ஃபிரிட்ஸ் மாக்லப் இதனைக் கடுமையாக மறுத்தார். இவ்விவாதத்தில் மாக்லப்பின் தரப்பே அக்காலத்தில் மேலோங்கியது.

1960களிலும் 1970களிலும் கணினிகளின் வரவால் காலத்தொடர் ஆய்வுகள் பெருகின. இவை நாடு முழுவதற்குமான ஆண்டு அல்லது காலாண்டுத் தரவுகளைப் பயன்படுத்தின. இவற்றை 1982 இல் தொகுத்து ஆராய்ந்த சார்லஸ் பிரவுன், கர்டிஸ் கில்ராய், ஆண்ட்ரூ கோஹன் ஆகியோர், குறைந்தபட்ச ஊதியம் 10 விழுக்காடு உயர்ந்தால் பதின்ம வயதினரின் வேலைவாய்ப்பு 1 முதல் 3 விழுக்காடு வரை குறைகிறது என்ற முடிவுக்கு வந்தனர். நீண்ட காலம் இதுவே ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவாக இருந்தது.

காலத்தொடர் முறையின் குறைபாடு

சட்டம் மாறும் ஆண்டில் சட்டம் மட்டும் மாறுவதில்லை. பொருளாதாரம் வளர்ந்திருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். புதிய இயந்திரங்கள் வந்திருக்கலாம். வேலைவாய்ப்பில் ஏற்பட்ட மாற்றத்தில் எவ்வளவு பங்கு சட்டத்தினால் ஏற்பட்டது என்பதைப் பிரித்தறிவது கடினம். சட்டம் இயற்றப்படாமல் இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எவரும் நேரில் காண இயலாது. இது பொருளியலின் காரண காரிய ஆய்வுகள் அனைத்துக்கும் பொதுவான சிக்கலாகும். எட்வர்ட் லீமர் 1983 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆய்வாளர்கள் தாம் விரும்பும் முடிவு வரும் வரை சமன்பாடுகளை மாற்றிப் பார்க்கும் பழக்கத்தைக் கண்டித்தார்.

நியூ ஜெர்சி ஆய்வு

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1 அன்று குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. இது ஏறத்தாழ 19 விழுக்காடு உயர்வாகும். அண்டை மாநிலமான பென்சில்வேனியாவில் 4.25 டாலரே தொடர்ந்தது. அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் கார்ட், ஆலன் குரூகர் ஆகியோர் இந்த வேறுபாட்டை ஓர் இயற்கைச் சோதனையாகப் பயன்படுத்தினர். ஆய்வாளர் திட்டமிடாமல், சட்டமோ இயற்கையோ வேறு நிகழ்வோ இரு குழுக்களை வெவ்வேறு நிலைகளுக்கு உள்ளாக்குவதையே இயற்கைச் சோதனை என்பர்.

குறைந்த கூலித் தொழிலாளரைப் பெருமளவில் அமர்த்தும் துரித உணவகங்கள் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நியூ ஜெர்சியில் 331, கிழக்குப் பென்சில்வேனியாவில் 79 என மொத்தம் 410 உணவகங்களின் தரவுகள் திரட்டப்பட்டன. முதற் கணக்கெடுப்பு உயர்வுக்குச் சற்று முன்னரும், இரண்டாவது கணக்கெடுப்பு 1992 நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் நடந்தன. உயர்வுக்கு முன்னர் தொடக்கக் கூலியின் சராசரி நியூ ஜெர்சியில் 4.61 டாலராகவும் பென்சில்வேனியாவில் 4.63 டாலராகவும் இருந்தது. அதாவது இரு பகுதிகளும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன.

வேறுபாடுகளின் வேறுபாடு முறை

ஓர் உணவகத்துக்கான சராசரி முழுநேரப் பணியாளர் தொகை (பகுதிநேரப் பணியாளர் ஒருவர் அரைப் பணியாளராகக் கொள்ளப்பட்டார்) பின்வருமாறு அமைந்தது.

- நியூ ஜெர்சி: முன்னர் 20.44, பின்னர் 21.03, மாற்றம் +0.59
- பென்சில்வேனியா: முன்னர் 23.33, பின்னர் 21.17, மாற்றம் -2.16

நியூ ஜெர்சியை மட்டும் பார்த்தால் சிறு உயர்வே தெரிகிறது. ஆனால் சட்டம் மாறாத பென்சில்வேனியாவில் பணியாளர் தொகை குறைந்துள்ளது. நியூ ஜெர்சியிலும் சட்டம் மாறாமல் இருந்திருந்தால் அதே அளவு குறைந்திருக்கும் என எடுத்துக்கொண்டால், சட்டத்தின் விளைவு இரு மாற்றங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஆகும். கட்டுரையில் இது உணவகம் ஒன்றுக்கு 2.76 பணியாளர் உயர்வு எனக் கணக்கிடப்பட்டது (மேலே உள்ள எண்கள் முழுமையாக்கப்பட்டவை என்பதால் சிறு வேறுபாடு தோன்றும்). இவ்வளவின் திட்டப்பிழை 1.36 ஆகும். எனவே உயர்வின் துல்லியமான அளவை இதிலிருந்து உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் பெருமளவு வேலையிழப்பு ஏற்பட்டது என்ற கருத்துக்கு இத்தரவுகள் இடம் தரவில்லை.

நியூ ஜெர்சிக்குள்ளேயே, முன்னரே 5 டாலர் அல்லது அதற்கு மேல் கூலி கொடுத்துவந்த உணவகங்களைச் சட்டம் பெரிதாகப் பாதிக்கவில்லை. அவற்றோடு ஒப்பிட்டபோதும் ஒத்த முடிவே கிடைத்தது. உணவின் விலை நியூ ஜெர்சியில் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதலாக உயர்ந்ததும் கண்டறியப்பட்டது. கூலி உயர்வின் சுமையில் ஒரு பகுதி வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது என்பதை இது காட்டுகிறது.

இம்முறை முற்றிலும் புதியதன்று. 1850களில் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ, ஒரே பகுதியில் இரு வேறு நிறுவனங்களிடமிருந்து குடிநீர் பெற்ற வீடுகளை ஒப்பிட்டு, வாந்திபேதி நீரின் மூலம் பரவுகிறது என்று காட்டியதும் இத்தகைய தருக்கமே ஆகும்.

எதிர்ப்பும் மறு ஆய்வும்

இக்கட்டுரை 1994 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் இருவரும் இத்துறை பற்றிய நூலொன்றையும் வெளியிட்டனர். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் புகேனன் 1996 இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழில், இத்தகைய முடிவை ஏற்பது பொருளியலுக்கு அறிவியல் உள்ளடக்கம் இல்லை என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்ற பொருளில் எழுதினார்.

டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் ஆகியோரின் விமரிசனம் தரவுகளின் தரத்தைப் பற்றியதாகும். தொலைபேசியில் கேட்டுப் பெற்ற விடைகள் நம்பகமானவை அல்ல எனக் கூறிய அவர்கள், உணவகங்களின் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி 2000 ஆம் ஆண்டில் மறு ஆய்வை வெளியிட்டனர். அதில் பென்சில்வேனியாவுடன் ஒப்பிடுகையில் நியூ ஜெர்சியில் வேலைவாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு குறைந்தது என்ற முடிவு கிடைத்தது. இப்பதிவேடுகளில் ஒரு பகுதி, உணவகத் தொழிலோடு தொடர்புடைய அமைப்பொன்றினால் முதலில் திரட்டப்பட்டது என்பது எதிர் விமரிசனத்துக்கு உள்ளானது.

கார்டும் குரூகரும் அதே இதழில் விடை அளித்தனர். இம்முறை அவர்கள் நிறுவனங்கள் அரசுக்குக் கட்டாயமாக அளிக்கும் வேலைவாய்ப்புப் பதிவுகளைப் பயன்படுத்தினர். வேலைவாய்ப்பில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்பது இதன் முடிவாக இருந்தது. முதற் கட்டுரையில் காணப்பட்ட உயர்வைக் காட்டிலும் இது எச்சரிக்கையான முடிவு என்பது குறிப்பிடத்தக்கது.

வெளியீட்டுச் சார்பு

ஆய்வு முடிவுகளில் எவை அச்சேறுகின்றன என்பதும் ஒரு சிக்கலாகும். எதிர்பார்த்த விளைவைக் காட்டும் கட்டுரைகளை இதழாசிரியர்கள் விரும்பி ஏற்று, விளைவு இல்லை என்னும் கட்டுரைகளைத் தவிர்த்தால், வெளியான கட்டுரைகளின் சராசரி உண்மையைக் காட்டாது. இது வெளியீட்டுச் சார்பு எனப்படும்.

தரவுகள் பெருகப் பெருகக் கணிப்பின் துல்லியம் கூட வேண்டும். ஆனால் பழைய காலத்தொடர் ஆய்வுகளில் அவ்வாறு நிகழவில்லை என்பதைக் கார்டும் குரூகரும் 1995 இல் சுட்டிக்காட்டினர். கிறிஸ் டூகூலியாகோஸ், டாம் ஸ்டான்லி ஆகியோர் 2009 இல் 64 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இச்சார்பை நீக்கியபின் வேலைவாய்ப்பின் மீதான எதிர்மறை விளைவு மிகச் சிறியதே எனக் கண்டனர்.

பிற்கால ஆய்வுகள்

ஒரு மாநிலத்தின் ஒரு சட்டத்தை மட்டும் ஆராய்ந்து பொது முடிவுக்கு வர இயலாது என்ற விமரிசனத்துக்குப் பின்வந்த ஆய்வுகள் விடை தேடின.

- அரிந்திரஜித் துபே, வில்லியம் லெஸ்டர், மைக்கேல் ரைச் ஆகியோர் 2010 இல் நியூ ஜெர்சி முறையை நாடு முழுவதற்கும் விரிவாக்கினர். மாநில எல்லையின் இருபுறமும் அடுத்தடுத்து அமைந்த மாவட்டங்களை இணை இணையாக ஒப்பிட்டனர். உணவகத் தொழிலாளரின் வருவாய் உயர்ந்தது, வேலையிழப்பு காணப்படவில்லை.
- நியூமார்க், இயன் சாலஸ், வாஷர் ஆகியோர் 2014 இல் இதனை மறுத்தனர். அண்டை மாவட்டம் எப்போதும் சிறந்த ஒப்பீட்டுக் குழு ஆகாது என்பது அவர்களது வாதம்.
- துபே, டோருக் செங்கிஸ், அட்டிலா லிண்ட்னர், பென் சிப்பரர் ஆகியோர் 2019 இல் 138 மாநிலச் சட்ட மாற்றங்களை ஆராய்ந்தனர். புதிய ஊதிய அளவுக்குக் கீழிருந்த வேலைகள் எத்தனை மறைந்தன, அந்த அளவிலும் அதற்குச் சற்று மேலும் எத்தனை தோன்றின என்று எண்ணினர். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன.
- சியாட்டில் நகரம் ஊதியத்தை 13 டாலராக உயர்த்தியது பற்றி வாசிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், குறைந்த கூலி வேலைகளின் மணிநேரங்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்ததாகக் கூறப்பட்டது. பல கிளைகளைக் கொண்ட நிறுவனங்கள் இதில் சேர்க்கப்படவில்லை என்பது இதன் மீதான முதன்மை விமரிசனம் ஆகும்.
- டென்மார்க்கில் 18 வயது நிறைவடையும்போது குறைந்தபட்ச ஊதியம் ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்கிறது. அதே வயதில் வேலைவாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவதை 2020 இல் வெளியான ஆய்வு காட்டியது. உயர்வு மிகப் பெரிதாகவும், மாற்றாக அமர்த்த 17 வயதினர் இருக்கும்போதும் வேலையிழப்பு ஏற்படும் என்பதற்கு இது சான்றாகும்.
- அங்கேரியில் 2001 இல் செய்யப்பட்ட பெரிய உயர்வின் சுமையில் ஏறத்தாழ 75 விழுக்காட்டை நுகர்வோரும் 25 விழுக்காட்டை நிறுவன உரிமையாளரும் ஏற்றதாக 2019 இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.
- செருமனி 2015 இல் முதன்முறையாக மணிக்கு 8.50 யூரோ என நாடு தழுவிய ஊதியத்தை வரையறுத்தது. குறைந்த கூலித் தொழிலாளர் சிறிய நிறுவனங்களிலிருந்து திறன்மிக்க நிறுவனங்களுக்கு இடம்பெயர்ந்ததையும், மொத்த வேலைவாய்ப்பு குறையாததையும் 2022 இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஐக்கிய அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வேளாண்மை, உணவகம், மருத்துவ இல்லங்கள் முதலிய துறைகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை விரிவாக்கியது. கறுப்பினத் தொழிலாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இத்துறைகளிலேயே பணியாற்றினர். அக்காலத்தில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான வருவாய் இடைவெளி குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்விரிவாக்கத்தால் ஏற்பட்டது என எலோரா டெரனன்கோர், கிளேர் மொந்தியாலூ ஆகியோர் 2021 இல் காட்டினர்.

இந்தியச் சூழல்

வளர்ந்த நாடுகளின் முடிவுகளை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த இயலாது. இங்கு பெரும்பாலான தொழிலாளர் முறைசாராத் துறையில் பணியாற்றுகின்றனர். சட்டம் வரையறுக்கும் கூலி பல இடங்களில் நடைமுறையில் கொடுக்கப்படுவதில்லை. எனவே சட்டத்தின் விளைவை அளப்பதற்கு முன், சட்டம் எந்த அளவுக்குச் செயற்படுத்தப்படுகிறது என்பதை அளக்க வேண்டியுள்ளது.

இதற்கு நெருக்கமான ஆய்வொன்று ஊரக வேலை உறுதித் திட்டம் பற்றியது. ஆந்திரப் பிரதேசத்தில் இத்திட்டத்தின் கூலியை அடையாள அட்டை மூலம் வழங்கும் முறை, சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மண்டலங்களில் முதலில் அறிமுகப்படுத்தப்பட்டது. கார்த்திக் முரளிதரன், பால் நீகாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர் இதனை ஆராய்ந்து 2023 இல் கட்டுரை வெளியிட்டனர். திட்டம் செம்மையாக நடந்த இடங்களில் தனியார் நிலங்களில் கொடுக்கப்பட்ட கூலியும் உயர்ந்தது; தனியார் வேலைவாய்ப்பு குறையவில்லை. ஏழைகளின் வருமான உயர்வில் பெரும்பகுதி திட்டத்தின் கூலியிலிருந்து அன்றி, வெளியில் கிடைத்த கூலியிலிருந்தே வந்தது. மாற்று வேலை ஒன்று உறுதியாக இருக்கும்போது நில உரிமையாளர் கூலியை உயர்த்த நேர்கிறது என்பது இதற்கான விளக்கங்களுள் ஒன்றாகும். இது கொள்வோர் முற்றுரிமைக் கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது.

கொள்கை மீதான தாக்கம்

பிரித்தானியா 1997 இல் குறைந்த ஊதிய ஆணையத்தை அமைத்து, 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டு என நாடு தழுவிய குறைந்தபட்ச ஊதியத்தை நடைமுறைப்படுத்தியது. ஆணையம் ஒவ்வோர் உயர்வையும் புலனறி ஆய்வுகளின் துணையோடு பரிந்துரைக்கும் முறை பின்பற்றப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் நாடு தழுவிய ஊதியம் 2009 இல் 7.25 டாலராக உயர்த்தப்பட்டது. அதனை 2025 க்குள் 15 டாலராக உயர்த்தும் முன்மொழிவைப் பற்றி நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் 2019 இல் ஓர் அறிக்கை அளித்தது. அதன் நடு மதிப்பீட்டின்படி 13 இலட்சம் பேர் வேலை இழப்பர். அதே அளவினரான 13 இலட்சம் பேர் வறுமைக் கோட்டுக்கு மேல் வருவர். வேலையிழப்பு ஏறத்தாழ இல்லாமலும் போகலாம், 37 இலட்சம் வரை செல்லவும் கூடும் என்றும் அறிக்கை கூறியது. இவ்வளவு அகன்ற இடைவெளி, ஆய்வாளர்களிடையே நிலவிய கருத்து வேறுபாட்டின் அளவைக் காட்டுகிறது. இழப்பவரும் பெறுபவரும் வெவ்வேறு மனிதர்கள் என்பதால், துல்லியமான எண் கிடைத்தாலும் எது நல்ல கொள்கை என்பதை அந்த எண் மட்டுமே முடிவு செய்யாது.

ஆய்வு முறையில் ஏற்பட்ட மாற்றம்

நியூ ஜெர்சி ஆய்வின் நிலையான பங்களிப்பு அதன் முடிவைக் காட்டிலும் அதன் முறையே எனக் கருதுவோர் பலர். ஒப்பீட்டுக் குழு எது, அது ஏன் பொருத்தமானது என்ற கேள்விகள் அதன்பின் புலனறி ஆய்வுகளின் மையத்துக்கு வந்தன. இம்மாற்றத்தை ஜோஷுவா ஆங்கிரிஸ்ட், ஜோர்ன்-ஸ்டெஃபென் பிஷ்கே ஆகியோர் 2010 இல் நம்பகத்தன்மைப் புரட்சி என்று பெயரிட்டு அழைத்தனர்.

2021 ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசின் ஒரு பாதி டேவிட் கார்டுக்கும், மறுபாதி ஆங்கிரிஸ்ட், கைடோ இம்பென்ஸ் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. 2011 முதல் 2013 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பொருளியல் அறிவுரைஞர் மன்றத் தலைவராக இருந்த ஆலன் குரூகர் 2019 இல் காலமானார். நோபல் பரிசு மறைந்தவர்களுக்கு வழங்கப்படுவதில்லை.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. சட்டம் மாறாதிருந்தால் இரு பகுதிகளும் ஒரே போக்கில் சென்றிருக்கும் என்ற எடுகோளை நேரடியாகச் சோதிக்க இயலாது. சில மாதங்களில் அளக்கப்பட்ட விளைவு, நிறுவனங்கள் இயந்திரங்களுக்கு மாறும் நீண்ட கால விளைவைக் காட்டாமல் போகலாம். 19 விழுக்காடு உயர்வு பற்றிய முடிவு, 100 விழுக்காடு உயர்வுக்குப் பொருந்தும் என்று கொள்ளவும் இயலாது. ஓரிடத்து முடிவை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல, அது ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்று விளக்கும் கோட்பாடு தேவைப்படுகிறது. இதனால் கோட்பாட்டு ஆய்வும் புலனறி ஆய்வும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, துணை ஆகும்.

இவற்றையும் பார்க்க

- உழைப்புப் பொருளியல்
- தேவையும் அளிப்பும்
- முற்றுரிமை
- பொருளியல் அளவையியல்
- வேலையின்மை
- மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம்